கருதுகோள் கட்டம் காலி

பிரஷர் முள்ளு பதினஞ்சைத் தொடணும். தொட்டப்புறம் இருபது நிமிசம். அதுவரைக்கும் ஆள் இந்த ரூமை விட்டு நகரக் கூடாதுன்னு கதவுல ஒட்டியிருக்கு. எழுதுனது நாந்தான், கையெழுத்து நல்லாருக்குன்னு என்னையத்தான் எழுதச் சொன்னாங்க, இப்ப என் கையெழுத்தே என்னைய முறைக்குது. ஆட்டோகிளேவுன்னு பேரு, ஆனா ஆள் ஒசரக் குக்கர், அம்புட்டுத்தான், விசில் மட்டும் அடிக்காது. உள்ள நூத்திப்பத்து பாட்டில் வேகுது. பூஞ்சை புடிச்ச பாட்டில். அப்படியே தொறந்து கழுவுனா பூஞ்சை லேப் பூராம் டூர் போயிரும்னு முதல்ல வேகவச்சுக் கொன்னுட்டுத்தான் கழுவணும். கொல்றது, கழுவுறது, ரெண்டும் என் டிபார்ட்மெண்ட். வனராஜ்னு பேரு வச்சாரு எங்கப்பா, வனத்துக்கு ராசா. ராசா இப்ப கவுத்துப்போட்ட பிளாஸ்டிக் கிரேட்டு மேல உக்காந்து, மடியில ஒரு பேப்பரை வச்சுக்கிட்டு, ஒரு எழுத்துகூட எழுதாம முள்ளையே பாத்துக்கிட்டிருக்காரு. பேப்பர்ல அஞ்சு கட்டம். நோக்கம். கருதுகோள். செய்முறை. காண்பது. முடிவு. மணி பதினொண்ணு பத்து. பன்னெண்டுக்கு மேனேஜர் ரூம்ல மீட்டிங். மீட்டிங்ல ஒரே விசயம்தான், ஒச்சம்மாக்காவ வேலையில வச்சுக்கிறதா, வீட்டுக்கு அனுப்புறதா. அக்காவ வச்சுக்கணும்னா இந்த அஞ்சு கட்டமும் நிறையணும். நிறைச்சா நான் போயிருவேன்னு நினைக்கிறேன். நல்ல கணக்கு. எட்டாம் வகுப்புல இப்படி ஒரு கணக்கு வந்துச்சுன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன்.

இங்க நடக்குறது என்னன்னா, தேனியில பாதி வாழைத் தோட்டம் இந்த மாதிரி லேப்புல பொறந்துதான் மண்ணுக்குப் போகுது. வாழைக் கிழங்குலருந்து சுண்டுவிரல் நகம் அளவு குருத்தை வெட்டி, பாட்டிலுக்குள்ள ஜெல்லி மேல நட்டு, மூடி, டியூப் லைட்டுக்குக் கீழ ரேக்குல அடுக்குனா ஒண்ணு மூணாகும், மூணு ஒம்பதாகும். வெட்டுறது அக்காமாரு. கத்தியைச் சுட்டு, கையை ஸ்பிரிட்டுல தேச்சு, காத்துகூடச் சுத்தமா வர்ற பெட்டி முன்னாடி உக்காந்து, பேசாம, தும்மாம, சொறியாம. மூடி மேல தேதியும் அவங்க பேர்ல ஒரு எழுத்தும் போட்டுருவாங்க. பூஞ்சை வந்தா மூடியைப் பாத்து யார் எழுத்துன்னு எண்ணுவாங்க. எழுத்து யாரோடதோ தப்பு அவங்களோடது. இதுதான் இங்க சட்டம். எனக்கு வந்த நாளு முதலே இந்தச் சட்டம் ரொம்பப் புடிச்சிருந்துச்சு, ஏன்னா என் எழுத்து எந்த மூடியிலயும் கிடையாது. ஒச்சம்மாக்கா இங்க ஏழு வருசம். பொங்கல் வரைக்கும் அக்கா பாட்டில் மாதிரிச் சுத்தம் எவ பாட்டிலும் கிடையாது. பொங்கலுக்கு அப்புறம் புது ரேக்கு வந்துச்சு. அஞ்சு தட்டு. கீழ்த்தட்டுக்குக் குனியணும், இடுப்பு போயிரும், எவளும் வேணாம்னாளுக. "அக்கா நீங்க இருக்கிற ஒசரத்துக்குக் குனியவே வேணாம்க்கா"ன்னு கூட வெட்டுற மெர்லின் சிரிச்சுக்கிட்டே அந்தத் தட்டை அக்கா தலையில கட்டுனா. அக்காவும், "ஆமாடி, நீ மேல ஏறி நில்லு, ஒன்னைய வச்சுத்தான் ஃபேன் தொடைக்கணும்"னு சொல்லிட்டு வாங்கிக்கிச்சு. ரெண்டு மாசத்துல அக்கா எழுத்துப் போட்ட பாட்டில்ல பாதி பூஞ்சை. அக்கா கையில ஏதோ நோக்காடுன்னாங்க. வயசாச்சுன்னாங்க. வீட்டுக்காரர் செத்ததுலருந்து கவனம் இல்லைன்னாங்க. ஹசீனா மேடம், எங்க லேப் தலைமை, டாக்டர், ஊசி போடுற டாக்டர் இல்ல, அவங்க அக்கா கையைப் பஞ்சால தேச்சு அதை ஒரு கண்ணாடித் தட்டுல வளத்துப் பாத்தாங்க. ஒண்ணும் வளரலை. அப்பவும் மூடியில எழுத்து அக்காவோடதுதானே. முள்ளு பதிமூணு. இந்த முள்ளுக்கு மட்டும் எந்த அவசரமும் கிடையாது.

ஏப்ரல் ஒண்ணுதான் எல்லாத்துக்கும் காரணம். மெர்லினை ஃபூலாக்கணும். அவ மூணாந்தட்டு பளபளன்னு இருக்கும், தெனம் காலையில வந்து ஒரு மகாராணி பார்வை பாப்பா. அந்தத் தட்டுல திடீர்னு ஒச்சம்மாக்கா எழுத்துப் போட்ட பாட்டில் உக்காந்திருந்தா எப்படிக் கத்துவா? அதைக் கேக்கணும். அம்புட்டுதான் என் ஆசை, வாழ்க்கையில நான் பெருசா எதுக்கும் ஆசைப்பட்டதில்ல. முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் செருப்பு மாட்டுற நேரம், ஒரு ட்ரேக்குப் பன்னெண்டு கொள்ளும், பன்னெண்டு பாட்டிலை அங்கிட்டிருந்து இங்கிட்டு, பன்னெண்டை இங்கிட்டிருந்து அங்கிட்டு. வாட்ச்மேன் இருமுற சத்தம் கேட்டுச்சு, கைக்கு வந்ததை அள்ளி வச்சுட்டு வந்துட்டேன். காலையில மெர்லின் வரலை. அம்மை. பத்து நாள் லீவு. வேப்பிலை மேல படுத்துக்கிட்டு அவ ஜம்முனு இருக்கா, ஃபூல் நானு. திருப்பி வைக்கணும்னு நினைச்சேன், அன்னைக்குப் பாத்து எண்ணூறு பாட்டில் கழுவ வந்துச்சு, மறந்தே போயிட்டேன். நேத்து பூஞ்சை பாட்டிலைப் பொறுக்கும்போது கீழ்த்தட்டுல கை விட்டேன், மெர்லின் எழுத்து. பூஞ்சையோட. இன்னொண்ணு. இன்னொண்ணு. ஒம்பது. மகாராணியோட பன்னெண்டுல ஒம்பது கரும்பச்சையா நிக்குது. மேல போய்ப் பாத்தேன், அங்க போன அக்காவோட பன்னெண்டுல ஒண்ணே ஒண்ணுதான் கெட்டிருக்கு, பதினொண்ணும் பச்சைப் பிள்ளை மாதிரிச் சிரிக்குது. அப்ப எனக்கு என்ன தோணுச்சு? ஏதோ பெரிய ஞானம் வந்துச்சுன்னு நினைப்பீங்க. மாட்டிக்கிட்டோம்டா வனராஜுன்னுதான் தோணுச்சு. ரிஜிஸ்டர்ல எழுதாம பாட்டிலை நகத்துனா சீட்டுக் கிழிஞ்சிரும். பஞ்சுல ஸ்பிரிட்டு நனைச்சு மூடியில எழுத்தை அழிக்கக் கையைக் கொண்டுபோயிட்டேன். சத்தியமா. பஞ்சு மூடியைத் தொட்டிருச்சு. எழுத்துல ஒரு கால் போயிருச்சு. அப்பத்தான் பாட்டில் கண்ணாடியில அந்தப் புள்ளிக தெரிஞ்சுச்சு. மூடிக்குக் கீழருந்து ஜெல்லி வரைக்கும் வரிசையா பூஞ்சைப் புள்ளி, சின்னச் சின்னதா, ஈரக் காலோட யாரோ வீட்டுக்குள்ள நடந்த மாதிரி. பூஞ்சைக்குக் காலு கிடையாதே. பூஞ்சையைச் சுமந்துக்கிட்டு ஏதோ ஒண்ணு நடந்திருக்கு. பஞ்சைக் கீழ போட்டேன். பத்து பாட்டிலையும் குக்கருக்குள்ள போடாம பக்கெட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சேன். இப்பவும் அங்கதான் இருக்கு, என் காலுக்குப் பக்கத்துல.

முள்ளு பதினஞ்சு. பதினொண்ணே கால். காலையில மேடத்தை மறிச்சு, "மேடம், அக்கா கை இல்ல மேடம், அந்தத் தட்டுதான் மேடம்"னேன். நடந்துக்கிட்டே, "எப்படித் தெரியும்?"னாங்க. "தெரியும் மேடம்." நின்னாங்க. "வாயால சொன்னா மேனேஜர் சார் வாயாலயே இல்லைன்னுருவார். எழுதிக் குடு"ன்னு இந்தப் பேப்பரை நீட்டிட்டுப் போயிட்டாங்க. கருதுகோள்னா என்ன, செய்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும்னு நீ என்ன நினைச்சன்னு எழுதுறது. நான் என்ன நினைச்சேன்? மெர்லின் கத்துவான்னு நினைச்சேன். அதுவும் நடக்கலை. ஒம்பதாம் வகுப்புப் புத்தகத்துல ஒரு படம் இருந்துச்சு, கட்டம், அம்பு, கட்டம், அம்பு. முதல்ல கவனி, அப்புறம் யோசி, அப்புறம் சோதி, அப்புறம் முடிவு கட்டு. அறிவியல் இப்படித்தான் நடக்கும், வேற வழியே கிடையாதுன்னு. அஞ்சு மார்க்கு கேள்வி, ஸ்கேல் வச்சு அம்பு போட்டு அஞ்சும் வாங்குனேன். அந்த அம்புகள்ல ஒண்ணுகூட ஏப்ரல் ஃபூல் பக்கம் போகலை. காலேஜுலயும் இதே கட்டந்தான். உப்பு என்னன்னு கண்டுபிடிக்கிற பிராக்டிகல். வெள்ளையா ஒரு பொடி குடுப்பாங்க, வரிசையா இருபது சோதனை செஞ்சு கண்டுபிடிக்கணும். எவன் செஞ்சான்? அட்டெண்டர் அண்ணன் தூரத்துல நின்னு மூக்கைத் தொட்டாருன்னா அம்மோனியம், காதைத் தொட்டாருன்னா காரீயம். விடையைத் தெரிஞ்சுக்கிட்டு அங்கருந்து ரிவர்ஸ்ல வந்து, சோதனை ஒண்ணு, காண்பது, அறிவது, சோதனை ரெண்டு, காண்பது, அறிவதுன்னு கோயில் சுவத்துக் கல்வெட்டு மாதிரி எழுதுவோம். ஒரு நாள் அண்ணனுக்குச் சளி. மூக்கைத் தொட்டுக்கிட்டே இருந்தாரு. பேட்ச் பூராம் அம்மோனியம். முப்பத்திரெண்டு பேரு, முப்பத்திரெண்டு பேரும் நெடி வந்துச்சுன்னு எழுதியிருக்கான், ஒருத்தன் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னே எழுதியிருந்தான். கட்டம் எல்லாம் கச்சிதம். உப்பு மட்டும் வேற. அன்னைக்கே காலேஜு மேல நம்பிக்கை போயி வெளிய வந்துட்டேன்னு சொன்னா கேக்க நல்லாருக்கும். பதினோரு அரியர், அதான் உண்மை.

அப்ப நானும் அப்படியே எழுதிரலாமே. கருதுகோள்: தொற்று ஆளால் அல்ல, இடத்தால் வருகிறது. செய்முறை: இரு தட்டுகளிலிருந்தும் தலா பன்னிரண்டு பாட்டில்கள் திட்டமிட்டு இடமாற்றம் செய்யப்பட்டன. செய்யப்பட்டன! என்னா கெத்து. யாரு செஞ்சான்னே தெரியாது, பாட்டிலே எந்திரிச்சு நடந்து போன மாதிரி இருக்கு. மேனேஜர் பாத்தா, அடேயப்பா, பாட்டில் கழுவுற பயலுக்குள்ள ஒரு விஞ்ஞானி இருந்திருக்கான்னு கையே குடுப்பாரு. அக்காவும் தப்பிச்சிரும், நானும் தப்பிச்சிருவேன். பேனா மூடியைக் கழட்டுறேன். மாட்டுறேன். ஏன்டா எழுத மாட்டேங்குற. முப்பத்திரெண்டு பேர்ல ஒருத்தனா நெடி வந்துச்சுன்னு எழுதுனவன்தானே, இதையும் எழுது. யாரு பாக்கப் போறா. ஆனா அந்தக் கட்டமும் அம்பும் மட்டுந்தான் வழின்னா மத்தவனெல்லாம் என்ன பண்றான்? வால் நட்சத்திரத்தைப் பாக்குறவன் அதை நிப்பாட்டி, தம்பி இன்னொருக்கா வா, இந்தத் தடவை வாலில்லாம வா, வித்தியாசம் பாக்கணும்னு சொல்லுவானா? பாறைக்குள்ள எலும்பு தோண்டுறவன் அந்த மிருகத்தை மறுபடி சாகச் சொல்ல முடியுமா? மேகமலைக்குப் பறவை எண்ண வந்தவங்களுக்கு நான் ரெண்டு நாள் பை தூக்கியிருக்கேன். அட்டை கடிக்கக் கடிக்க உக்காந்து எண்ணுறாங்க, எண்ணுறாங்க, எண்ணிக்கிட்டே இருக்காங்க. எதுக்கு சார் எண்ணுறீங்கன்னு கேட்டேன். எண்ணி முடிச்சாத்தான் தெரியும்னாரு. அவரு பேப்பர்ல எந்தக் கட்டத்தை முதல்ல நிறைச்சிருப்பாரு? ஒருத்தன் எண்ணுறான், ஒருத்தன் காத்துக் கிடக்கான், ஒருத்தன் தோண்டுறான், ஒருத்தன் தெரியாம எதையாச்சும் தட்டிவிடுறான். எல்லாம் ஒரே ரோடு இல்லடா. ஒரே ரோடுன்னு சொன்னவன் ஊருக்கு வந்து சேந்தப்புறம் மேப்பு வரைஞ்சிருக்கான்.

நல்லா பேசுற வனராஜ். அப்ப எந்த ரோட்டுல வந்தாலும் அறிவியல்தானா? எங்க சித்தப்பா தேங்காயை உள்ளங்கையில வச்சுக்கிட்டுத் தோட்டத்துல நடப்பாரு, தேங்காய் எந்திரிச்சு நின்னா அங்க தண்ணி. அதுவும் ஒரு ரோடுதானே? இந்த இடத்துலதான் காலையிலருந்து மண்டை மாட்டிக்கிட்டு நிக்குது, சைக்கிள் செயின்ல வேட்டி மாட்டுன மாதிரி. முன்னாடியும் போக மாட்டேங்குது, பின்னாடியும் வர மாட்டேங்குது. சித்தப்பா சொன்ன இடத்துல அறுநூறு அடி போர் போட்டாங்க, புழுதிதான் வந்துச்சு. கேட்டா, ரெண்டடி தள்ளிப் போட்டுட்டீங்கன்னாரு. ரெண்டடி தள்ளிப் போட்டாங்க. தண்ணி இருந்துச்சு, நீங்க போட்ட நேரம் எங்கிட்டோ ஓடிப்போச்சுன்னாரு. சித்தப்பா தோத்ததே கிடையாது. அவரைத் தோக்கடிக்க யாராலயும் முடியாது, அதுக்கு எடமே குடுக்க மாட்டாரு. அங்கதான் வித்தியாசம் இருக்கோ? எப்படி உள்ள வந்தங்கிறது இல்ல விசயம், ஓட்டு வழியா குதிச்சுகூட வா. வந்தப்புறம் கதவைத் தொறந்து போடணும். அடுத்தவன் வரட்டும், பாக்கட்டும், டேய் நீ சொல்றது தப்புடான்னு சொல்ல அவனுக்கு ஒரு வழி இருக்கட்டும். நான் சொல்றது தப்புன்னு யாரு எப்படிச் சொல்ல முடியும்? பன்னெண்டு பாட்டில்தானே, கம்மின்னு சொல்லலாம். ஒரு தட்டுதானேன்னு சொல்லலாம். அந்த ஆறு நாள் ரெண்டு தடவை கரண்டு போச்சேன்னு சொல்லலாம். அப்புறம் மேனேஜர் ஒண்ணு சொல்லுவாரு. "ஏப்பா, நீ அந்தம்மா டிபன் பாக்ஸ்ல தெனம் கை நனைக்கிறவன்தான? காப்பாத்தணும்னு அவங்க பாட்டில்ல நல்லதாப் பொறுக்கி மேல வச்சிருப்ப"ன்னுவாரு. திட்டமிட்டு இடமாற்றம் செய்யப்பட்டன. அந்த ஒரு வரி போதும் அவருக்கு. திட்டம் போட்டவன் எதுக்குத் திட்டம் போட்டான்? அதுக்கு என்ன பதில் சொல்லுவ? அதுக்குப் பதில்... அதுக்குப் பதில், ஐயோ, இருக்கே. நான் எதையும் காப்பாத்த நினைக்கவே இல்லையே. எந்தப் பாட்டில் கெடும், எது கெடாதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதே. வாட்ச்மேன் இருமுனாரு, கைக்கு வந்ததை அள்ளுனேன். நான் முட்டாத்தனமாப் பண்ணதுதான் இதுல சுத்தம். ஒளிக்கணும்னு நினைச்ச அந்த ஒரு விசயந்தான் அக்காவுக்குச் சாட்சி. அதை அழிச்சுட்டுக் கருதுகோள்னு ஒண்ணை ஒட்டவச்சேன்னா, பஞ்சை எடுத்து அந்த எழுத்தோட இன்னொரு காலையும் நானே அழிக்கிறேன்னு அர்த்தம்.

பதினொண்ணு முப்பத்தஞ்சு. சுவிட்சை அணைச்சேன். முள்ளு இறங்குறதுக்குள்ள எழுதணும். நோக்கம்: மெர்லினை ஏப்ரல் ஃபூல் பண்ணுவது. சிரிப்பா வருது, இந்தக் கட்டத்துக்குள்ள இதுக்கு முன்னாடி எவனாச்சும் இப்படி எழுதியிருப்பானா. கருதுகோள் கட்டத்துல ஒரு கோடு போட்டேன், காலி. செய்முறையில வாட்ச்மேன் இருமுனதையும் எழுதுனேன், ரிஜிஸ்டர்ல எழுதலைங்கிறதையும் எழுதுனேன். காண்பதுல ஒம்பது, ஒண்ணு, புள்ளி வரிசை, பஞ்சால ஒரு எழுத்தைப் பாதி அழிச்சது, எல்லாத்தையும். அடுத்து முடிவு. தட்டுதான் காரணம்னு எழுதப் போனேன், எழுத வரலை. "தட்டா இருக்கலாம். பன்னெண்டு கம்மி. மறுபடி மாத்தி வச்சுப் பாக்கணும், இந்தத் தடவை வேற யாராச்சும் மாத்தணும். அதுவரைக்கும் ஒச்சம்மாக்காவ அனுப்பக் கூடாது"ன்னு எழுதுனேன். கடைசி வரி முடிவா கெஞ்சலான்னு தெரியலை, இருக்கட்டும். மேடம் அவங்களே வந்துட்டாங்க, மீட்டிங்குக்குப் பத்து நிமிசம் முன்னாடியே. நின்ன வாக்குல படிச்சாங்க. முகத்துல ஒண்ணும் தெரியலை, அவங்க முகமே லேப் சுவரு மாதிரித்தான், கறை எதுவும் நிக்காது. "எடுக்கிறப்ப பாட்டிலைப் பாத்து எடுத்தியா?" "இல்ல மேடம். பயத்துல அள்ளுனேன்." "பயத்துல"ன்னு ஒரு தடவை சொல்லிக்கிட்டாங்க, பேனாவை வாங்கி வாட்ச்மேன் இருமுன வரிக்கு அடியில கோடு போட்டாங்க. "பாட்டில் எங்க?" பக்கெட்டைத் தூக்குனேன். ஒண்ணை வெளிச்சத்துல பிடிச்சுப் புள்ளி வரிசையை மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க, அதோட மைக்ராஸ்கோப் ரூமுக்குப் போயிட்டாங்க.

மேனேஜர் ரூம்ல நான் கதவோரம் நின்னேன், ஒச்சம்மாக்கா சேர் நுனியில. அப்பத்தான் அக்கா கையைப் பாத்தேன், மடியில வச்சிருந்துச்சு. ஸ்பிரிட்டுத் தேச்சுத் தேச்சு விரலெல்லாம் தோலு உரிஞ்சு, சுண்ணாம்புல முக்குன மாதிரி இருந்துச்சு. மேனேஜர் பேப்பரைப் படிச்சுட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டாரு. "மேடம், ஆபீஸ் பேப்பர்ல ஏப்ரல் ஃபூல்னு எழுதிக் குடுத்திருக்கான்." "ஆமா சார். நான் ரெண்டு மாசமா ஆளைத்தான் சோதிச்சேன். தட்டைச் சோதிக்கணும்னு எனக்குத் தோணலை"ன்னாங்க மேடம். "மைக்ராஸ்கோப்புல பாத்தேன். மூடி இடுக்குல பேன் மாதிரி நடக்குது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மூணு இருக்கு." "அப்ப முடிஞ்சுச்சா?" "முடியலை சார். மூணு பூச்சியை வச்சு முடிச்சா, மூடியில ஒரு எழுத்தை வச்சு முடிச்ச மாதிரிதான். எல்லா மூடிக்கும் டேப்பு ஒட்டுறோம், யாரு பாட்டில்னு யாருக்கும் தெரியக் கூடாது. சீட்டுக் குலுக்கித் தட்டு போடுறோம். பத்து நாள். அதுவரைக்கும் இவங்க எப்பவும் போல வெட்டட்டும்." மேனேஜர் என்னையப் பாத்தாரு, பேப்பரைப் பாத்தாரு, "ரிஜிஸ்டர்ல எழுதாததுக்கு இவனுக்கு மெமோ உண்டு"ன்னாரு. "குடுங்க சார்"னேன், நான் எதுக்கு வாயைத் தொறந்தேன்னு தெரியலை. மெமோன்னா ஆளை வேலையில வச்சிருக்கான்னு அர்த்தம், போறவனுக்கு எவன் மெமோ குடுக்கிறான். வெளிய வந்ததும் அக்கா முன்னாடி போச்சு. வராண்டாவுல பாதி தூரம் நடந்துச்சு, நின்னுச்சு, திரும்பி வந்து அந்த உரிஞ்ச கையால என் மண்டையில ஓங்கி ஒரு குட்டு வச்சுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு, வாய் மட்டும் எப்பவும் போல. "கூறுகெட்ட பயலே, என் கையைத் தூக்கி நானே விளக்குக்குக் கீழ வச்சு வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்டா ரெண்டு மாசமா. குரங்கு சேட்டை பண்றதுன்னு ஆயிப்போச்சு, அதை ஏன்டா ஏப்ரல் வரைக்கும் தள்ளிப்போட்ட, பிப்ரவரியிலயே பண்ணித் தொலைச்சிருக்க வேண்டியதுதான?"